மூக்குக்கு ஈடாகுமா மெஷின்?

கேள்வி: ஐயா, குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருக்கிறேன். 26 வருட சர்வீஸ். இலை அரைபட்டு வந்தபின், பெர்மெண்டிங் (அரைத்த இலை காற்றுப் பட்டுப் பக்குவமாவது) போதுமா, ட்ரையருக்கு அனுப்பலாமா என்பதை ஒரு கைப்பிடி அள்ளி மோந்து பார்த்துத்தான் சொல்வேன். இப்போது முதலாளி, வாசனையை அளக்கும் மெஷினும் அதைப் பார்த்து முடிவு சொல்லும் கம்ப்யூட்டரும் வாங்கலாம் என்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், ‘இன்னும் பத்து வருஷத்துல கம்ப்யூட்டர் மனுஷனுக்குச் சமமா யோசிக்கும்பா, உங்க மூக்கெல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல’ என்கிறான். அவனுக்கு அந்தப் படிப்புதான் வேண்டுமாம். நிஜமாகவே கம்ப்யூட்டருக்கு மனிதனுடைய அறிவு வந்துவிடுமா? அவனை அதில் சேர்க்கலாமா? என் பாடு என்ன ஆகும்?
— ஒரு வாசகர், குன்னூர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்ட முதல் கேள்விக்காகப் பெரிய பெரிய ஆட்கள் எழுபது வருடத்துக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவதற்கு ஒரு வரி போதும். மூன்றாவதுதான் உங்களைப் பேனா எடுக்க வைத்தது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. இருந்தாலும் முதலிலிருந்தே வருகிறேன். அதை மழுப்பிவிட்டு மூன்றாவதற்கு என்ன சொன்னாலும் அது முதுகில் தட்டிக்கொடுப்பதாகத்தான் இருக்கும். முப்பது வருடம் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டிவிட்டுக் கோத்தகிரிக்கு வந்து உட்கார்ந்திருப்பவன் நான். முதுகில் தட்டுவதற்கு என்னைவிட நல்ல ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரால் மனித அறிவை என்றைக்கும் எட்டவே முடியாது என்று நான் நினைக்கவில்லை. மூளையும் ஒரு பொருள்தான். ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள், சுமார் 20 வாட் மின்சாரம். உங்கள் ஃபேக்டரி கழிப்பறையில் எரியும் பல்புக்கு ஆகிற செலவில் அது கல்யாணச் சாப்பாட்டுக் கணக்கும் போடுகிறது, செத்துப்போன அப்பாவை நினைத்து அழவும் செய்கிறது. அதிசயம்தான், ஆனால் இயற்கை விதிக்குள் நடக்கிற அதிசயம். அதை வேறொரு பொருளால் செய்யவே முடியாது என்று எந்த விதியும் சொல்வதாக எனக்குத் தெரியவில்லை. அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறேன்: பத்து வருடம் என்று உங்கள் மகன் சொல்வதற்கும் எந்த ஆதாரமும் கிடையாது. இந்தத் துறையில் தேதி குறித்தவர்கள் பெரும்பாலும் மூக்குடைபட்டவர்கள்தான். 1956-ல் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் கூடியவர்கள், பொறுக்கியெடுத்த பத்துப் பேர் ஒரு கோடை விடுமுறை உட்கார்ந்தால் இந்த விஷயத்தில் கணிசமாக முன்னேறிவிடலாம் என்று எழுதிக்கொடுத்துத்தான் பணம் கேட்டார்கள். செயற்கை அறிவு என்ற பெயரே அந்த விண்ணப்பத்தில் வந்ததுதான்.

எனக்குத் தகராறு ‘சமம்’ என்ற சொல்லோடு. எதில் சமம்?

கம்ப்யூட்டர் என்பது ஒரு காலத்தில் மனிதர்கள் பார்த்த உத்தியோகத்தின் பெயர். 1802-ல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் தொடங்கி இந்தியா முழுக்க நிலத்தை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போனார்களே, அந்த சர்வேயில் 1831-ல் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி இளைஞர் கம்ப்யூட்டராக வேலைக்குச் சேர்ந்தார். எவரெஸ்ட்தான் உலகத்திலேயே உயரமான சிகரம் என்று தெரிய வந்தது அவர் போட்ட கணக்கில்தான். அந்த நாளில் அப்படிக் கணக்குப் போடுகிறவரைப் பார்த்தால் ‘மகா புத்திசாலி’ என்பார்கள். இன்றைக்கு அந்தக் கணக்கை என் போன் கண் இமைக்கிற நேரத்தில் போடும். போனை யாரும் புத்திசாலி என்பதில்லை. கணக்கெல்லாம் அறிவில் சேர்த்தியா, அது வெறும் யந்திர வேலைதானே என்று பேச்சை மாற்றிக்கொண்டோம்.

சதுரங்கத்திலும் இதே கதைதான். நன்றாக ஆடுவது அறிவின் உச்சம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். 1997-ல் டீப் புளூ என்ற கம்ப்யூட்டர், உலக சாம்பியன் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று ஜெயித்தது. ஒரு விநாடிக்கு 20 கோடி நிலைகளை அலசியது அது. உடனே, இது சும்மா தேடல்தானே என்றோம். கோ என்று சீனத்து ஆட்டம் ஒன்று உண்டு. அதில் இந்தத் தேடல் பலிக்காது, அதற்கு உள்ளுணர்வு வேண்டும் என்றார்கள். 2016-ல் ஆல்ஃபாகோ என்ற கம்ப்யூட்டர் நிரல், கோ ஆட்டத்தில் பேர்போன கொரியாக்காரர் லீ செடோலை நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தது. கோட்டைப் போடுவது, அது தாண்டுவது, நாம் கோட்டை அழித்துத் தள்ளிப் போடுவது. உங்கள் மகன் இதைப் பார்த்துத்தான் பேசுகிறான். அவன் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் கவனித்தீர்களா, ஒவ்வொரு தடவை அது கோட்டைத் தாண்டும்போதும், அறிவு என்று நாம் நினைத்ததிலிருந்து ஒரு துண்டுதான் கழன்று அதன் கைக்குப் போகிறது. உலக சாம்பியனைச் சதுரங்கத்தில் ஜெயித்த டீப் புளூவுக்கு அறை தீப்பிடித்தால் எழுந்து வெளியே போகத் தெரியாது. ஹான்ஸ் மொராவெக் என்ற ரோபோ விஞ்ஞானி 1988-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்: புத்திக் கூர்மைத் தேர்விலோ காய் நகர்த்தும் ஆட்டத்திலோ பெரியவர்கள் அளவுக்குக் கம்ப்யூட்டரைத் தயார் செய்வது சுலபம், பார்ப்பதிலும் நடப்பதிலும் ஒரு வயதுக் குழந்தை அளவுக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டம் என்றார். ஆடி மாதத்து மழையில், வழுக்குகிற சரிவில், முதுகில் கூடையோடு கொழுந்து பறிக்கிற பெண்ணை நினைத்துப்பாருங்கள். கண் இங்கே, பேச்சு பக்கத்து வரிசைக்காரியோடு, கை மட்டும் தானாக இரண்டு இலை ஒரு மொட்டு, இரண்டு இலை ஒரு மொட்டு என்று ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் அறிவு என்று சொன்னதே இல்லை. கூலியைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ரோபோ செய்கிறவர்களைக் கேட்டால், சதுரங்கம் தேவலாம் என்பார்கள்.

சரி, இப்போது பேசுகிற கம்ப்யூட்டர்களுக்கு வருகிறேன். உங்கள் மகன் போனில் வைத்திருப்பது அதைத்தான். இங்கிலாந்துக்காரர் ஆலன் டூரிங் 1950-ல் ஒரு கட்டுரை எழுதினார். ‘கம்ப்யூட்டர் சிந்திக்குமா’ என்று கேட்டால் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு சண்டைதான் நடக்கும், அதற்குப் பதில் ஒரு போட்டி வைப்போம் என்றார். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பது மனிதனா மெஷினா என்று தெரியாமல், எழுத்து மூலமாகவே கேள்வி கேட்க வேண்டும். இன்னும் ஐம்பது வருடத்தில், ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கிற சராசரி ஆளுக்குச் சரியாகக் கண்டுபிடிக்கிற வாய்ப்பு நூற்றுக்கு எழுபதைத் தாண்டாது என்றும் கணித்தார். ஐம்பது வருடத்தில் நடக்கவில்லை. ஆனால் இன்றைக்கு இருப்பவற்றோடு ஐந்து நிமிடம் பேசுகிறவர்கள் நிறையப் பேர் தடுமாறத்தான் செய்கிறார்கள்.

நாம் சுலபமாக ஏமாறுகிறவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1966-ல் வெய்சன்பாம் என்பவர் எலைசா என்று ஒரு சின்ன நிரல் எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப் போடும், அவ்வளவுதான். ‘எனக்கு மனசு சரியில்லை’ என்றால் ‘ஏன் உங்களுக்கு மனசு சரியில்லை?’ என்கிற வகை. அவர் அதை எழுதிய கதை முழுக்கத் தெரிந்திருந்த அவருடைய செக்ரட்டரியே, அதோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, நீங்கள் வெளியே இருங்கள், தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அனுப்பிவிட்டாராம். நம்மோடு பேசுகிற எதற்கும் மனசு இருப்பதாக எடுத்துக்கொள்வது நம் பிறவிக் குணம். மாட்டோடும் பைக்கோடும் பேசுகிறவர்கள்தானே நாம்.

இன்றைய மெஷின் எலைசா மாதிரி வெறும் கண்ணாடி கிடையாது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணிக்கப் பழகியது. ‘ஆடிப் பட்டம்’ என்றால் ‘தேடி விதை’ என்று நீங்கள் யோசிக்காமல் முடிப்பீர்கள் இல்லையா? அந்த வேலையை எல்லாப் பேச்சுக்கும் செய்தால் எப்படி இருக்கும்! அப்படிக் கணிக்க வேண்டுமானால் இலக்கணம் மட்டும் போதாது, உலகத்தைப் பற்றியும் ஏதோ கொஞ்சம் உள்ளே பதிந்திருக்க வேண்டும். பதிந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ‘அது வெறும் கிளிப்பிள்ளை’ என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கிளிப்பிள்ளை பிழையான நிரலைத் திருத்திக் கொடுக்காது. ஆனால் ஒன்று: ஆடிப் பட்டம் சமவெளிக்காரன் சொன்ன பழமொழி. நம் மலையில் ஆடி என்றால் மழையும் காற்றும், விதைப்புக் கணக்கே வேறு. ஏட்டில் அதிகமாக எழுதி வைத்திருப்பது சமவெளிதான். அதனால் மெஷினுக்கும் சமவெளிதான் அதிகம் தெரியும்.

இந்த இடத்தில் நான் அசிங்கப்பட்ட கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருடம் முன்னால் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, தேயிலைக் கொப்புள நோயைப் போன் கேமராவிலேயே கண்டுபிடிக்கிற ஒரு நிரல் செய்தோம். சிறு விவசாயிகளுக்கு உதவும் என்று ஆசை. ஆயிரக்கணக்கில் இலைப் படங்கள் சேகரித்தோம். இது நோய், இது நல்லது என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டி, கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தோம். வீட்டில் உட்கார்ந்து சோதித்தால் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் சரி. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு தோட்டத்துக்குக் காலையில் எடுத்துக்கொண்டு போனோம். நல்ல மேகமூட்டம், பத்தடி தாண்டிக் கண் தெரியவில்லை. முதல் இலையைக் காட்டினோம், நோய் என்றது. அடுத்தது, நோய். அந்தத் தோட்டத்தில் நோயே இல்லாத இலை ஒன்றுகூட இல்லையாம். தோட்டக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ‘எங்கங்க நோவு? இது நல்ல இலைங்க’ என்றார். அப்புறம் வரிசையில் கொஞ்ச தூரம் போய்த் தேடி, ஒரு இளம் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்தார். மேல்பக்கம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார், எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒரு வட்டம். அப்படியே இலையைத் திருப்பினார். அடிப்பக்கம் அதே இடத்தில் வெள்ளையாக, மெத்தென்று ஒரு கொப்புளம். ‘இதுதான் நோவு. திருப்பிப் பாக்கணும்.’

எங்கள் ஆயிரக்கணக்கான படங்களில் இலையின் அடிப்பக்கம் ஒன்றில்கூட இல்லை! எல்லாம் மேலிருந்து எடுத்தவை. அது போக, நோய் மழைக்காலத்து நோய் என்பதால் நோயுள்ள படங்களை எல்லாம் மழை மாதங்களில் மங்கலான வெளிச்சத்தில் எடுத்திருந்தோம். நல்ல இலைப் படங்கள் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் எடுத்தவை. கம்ப்யூட்டர் கொப்புளத்தைப் படிக்கவே இல்லை, மேகத்தைத்தான் படித்திருக்கிறது. மங்கலாக இருந்தால் நோய், பளிச்சென்று இருந்தால் நல்லது. நாங்கள் கொடுத்த படங்களுக்கு அது மிகச் சரியான விடை. இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது, ‘மேகத்தப் பாத்து பயந்துடுச்சா?’ என்று சிரித்தார். வீட்டில் உட்கார்ந்து நாங்கள் மாதக் கணக்கில் கண்டுபிடிக்காததை அவர் ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டார்.

நான் கொப்புள நோயைக் கற்றுக்கொண்டது அந்த ஒரே இலையில், அரை நிமிடத்தில். இன்றுவரை தவறவிட்டதில்லை. கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கில் படம் காட்டியும் அது வேறெதையோ கற்றுக்கொண்டது. மனிதன் ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பதன் மேல் புதியதை வைக்கிறான். இலைக்கு இரண்டு பக்கம் உண்டு, மேகம் வேறு நோய் வேறு என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதற்காகக் கம்ப்யூட்டரைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். எல்லாப் பருவத்திலும், இரண்டு பக்கமும் படம் எடுத்து மறுபடி கற்றுக்கொடுத்தோம். இன்றைக்கு நூறு இலையை மேசையில் போட்டு என்னோடு போட்டி வைத்தால் அதுதான் ஜெயிக்கும். எனக்குக் கண் வலிக்கும், அதற்கு வலிக்காது. அந்த அம்மாவோடு வைத்தால் என்ன ஆகும் என்று தெரியாது. வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி உங்கள் மூக்கு.

முதலாளி சொல்கிற மெஷின் கப்சா இல்லை. கொல்கத்தாவில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் தேயிலைக்காகவே இப்படி ஒரு மின்னணு மூக்கைச் செய்திருக்கிறது. தத்துவம் எளிதுதான். வாயு பட்டால் மின்தடை மாறுகிற சென்சார்கள் சிலவற்றை வரிசையாக வைத்திருப்பார்கள். இலையிலிருந்து வரும் ஆவி ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக உசுப்பும். எந்த நேரத்தில் எந்த மாதிரி உசுப்பல், எப்போது உச்சத்துக்குப் போய் இறங்குகிறது என்பதைக் கம்ப்யூட்டர் கோடாக வரைந்துகொண்டே வரும். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் ஏறி, இறங்கத் தொடங்குவதற்குள் ட்ரையருக்கு அனுப்ப வேண்டும் என்று நீங்கள் 26 வருடமாகப் பிடிக்கிறீர்களே, அந்தக் கணம்தான் அதற்கும் குறி. நன்றாகக் கற்றுக்கொடுத்தால் அது இதைச் செய்யும். இரவு ஷிஃப்டில் சளி பிடித்த மூக்கைவிட நன்றாகவே செய்யும். இதில் ரோஷப்பட ஒன்றும் இல்லை. தெர்மாமீட்டர் வந்தபோதும் யாரோ ஒரு பழைய டீ மேக்கர் ‘என் புறங்கை போதாதா’ என்று கோபப்பட்டிருப்பார்.

ஆனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். போன மழைக்காலத்தில் ஏதாவது ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் மண் சரிந்து லாரி இரண்டு மணி நேரம் நின்றிருக்கும். மூட்டைக்குள் இலை சூடேறி, நடுவில் சிவந்து போய் வந்திருக்கும். இறக்கும்போதே கையை உள்ளே விட்டுப் பார்த்திருப்பீர்கள். இன்ன ஊர் இலை, வெயில் வந்ததும் முற்ற விட்டுப் பறித்திருக்கிறார்கள் என்று எடை போடும் இடத்திலேயே தெரிந்திருக்கும். ராத்திரி கரண்ட் போய், அரைப்பதற்கு முன் இலையை வாட்டுகிற ஃபேன் ஓடாத சங்கதியும் உங்கள் மனசில் இருந்திருக்கும். இத்தனையையும் சுமந்துகொண்டுதான் கடைசியில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்து, ‘இன்னிக்குச் சீக்கிரமாவே தள்ளிடுங்கப்பா’ என்றிருப்பீர்கள். ஊரார் அதை மூக்கு என்கிறார்கள். நீங்களும் அப்படியே சொல்லிக்கொள்கிறீர்கள். அதில் மூக்கு பாதிகூட இருக்காது. மெஷினிடம் இருப்பதோ மூக்கு மட்டும். லாரி நின்றது அதற்குத் தெரியாது. கேட்கவும் தோன்றாது.

சொல்லிக் கொடுத்தால் தெரிந்துகொள்ளாதா என்று உங்கள் மகன் கேட்பான். தெரிந்துகொள்ளும். லாரி நேரம், மூட்டைச் சூடு, ஃபேன் ஓடிய மணி எல்லாவற்றையும் சென்சார் வைத்து ஊட்டலாம். ஆனால் இவையெல்லாம் கணக்கில் சேர வேண்டியவை என்று முதலில் யாருக்குத் தோன்றுகிறது? இன்றைய தேதியில் கம்ப்யூட்டருக்கும் நமக்கும் உள்ள பெரிய இடைவெளி இங்கேதான் என்பது என் எண்ணம். கேள்வியைக் கொடுத்தால் விடை சொல்வதில் அது நம்மைத் துண்டு துண்டாகத் தாண்டிக்கொண்டே போகிறது. கேள்விக்குள் எது சேரும், எது சேராது என்று முடிவு செய்வது இன்னமும் பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு உதாரணம் நம் மாவட்டத்திலேயே உண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பல மணி நேரம் தொடர்ந்து பார்க்க வேண்டுமானால், பூமி சுற்றுவதற்கு ஈடுகொடுத்து டெலஸ்கோப்பும் திரும்ப வேண்டும். அத்தனை பெரிய சாதனத்தை இரண்டு திசையிலும் திருப்புவது மகா செலவு. அதைக் கட்டிய விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய கூட்டாளிகளும் என்ன யோசித்தார்கள் தெரியுமா? தெற்கு வடக்காகச் சரிந்த ஒரு மலையைத் தேடு, அதன் சரிவு அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருக்கட்டும் என்றார்கள். அந்தச் சரிவில் டெலஸ்கோப்பைப் படுக்க வைத்தால் அதன் அச்சும் பூமியின் அச்சும் இணையாகிவிடும். அப்புறம் ஒரே அச்சில் உருட்டினால் போதும். தென்னிந்திய மலைகளில் தேடி, சுமார் 11 டிகிரி சரிவுள்ள அந்த இடத்தைப் பிடித்தார்கள். 1970-லிருந்து அது வேலை செய்கிறது. நல்ல மோட்டார் எப்படிச் செய்வது என்று ஆரம்பித்திருந்தால் மோட்டாரோடு முடிந்திருக்கும். அவர்கள் மலையையே டெலஸ்கோப்பின் ஒரு பாகம் ஆக்கிவிட்டார்கள்.

இதெல்லாம் மெஷினுக்கு ஒருநாளும் வராது என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க எனக்கும் ஆசைதான். முடியவில்லை. லீ செடோலுடன் ஆடிய இரண்டாவது ஆட்டத்தில், 37-வது நகர்த்தலாக ஆல்ஃபாகோ ஒரு காயை வைத்தது. வர்ணனை செய்துகொண்டிருந்த நிபுணர்கள் தவறுதலாக வைத்துவிட்டதோ என்றார்கள். அந்த இடத்தில் ஒரு மனிதன் வைப்பதற்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புதான் என்று மெஷினே கணக்குப் போட்டிருந்தது. ஆட்டத்தை ஜெயிக்க வைத்தது அதுதான். அதைப் பார்த்தால் மலையைத் தேடிய புத்தி மாதிரியேதான் இருக்கிறது. ஒரு வித்தியாசம், அது 19-க்கு 19 கட்டத்துக்குள் நடந்தது, விதிகள் மாறாது, லாரி நிற்காது. கட்டத்துக்கு வெளியேயும் அப்படி ஒன்று செய்யும் நாள் வரலாம். வந்தால் நான் என் வார்த்தையை மாற்றிக்கொள்வேன்.

உங்கள் காரியத்துக்கு வருகிறேன். மெஷினை எதிர்க்காதீர்கள். எதிர்த்தால் உங்களை ஒதுக்கிவிட்டு வாங்குவார்கள், அது உங்களுக்கும் கெடுதல், டீக்கும் கெடுதல். விற்க வருகிற ஆளிடம் பேச நீங்களும் உட்காருங்கள். ‘இதுக்கு எந்த ஊர் இலையில கத்துக் குடுத்தீங்க?’ என்று கேளுங்கள். அஸ்ஸாம் இலையில் கற்றது நம் இலையில் தடுமாறும். நம் இலையிலேயே ஏப்ரல், மே கொழுந்தும் உறைபனி மாதத்து இலையும் ஒன்றா? ‘சந்தேகம் வந்தா அது தெரியலன்னு சொல்லுமா, இல்ல ஏதாவது ஒரு நேரத்தைச் சொல்லிடுமா?’ என்றும் கேளுங்கள். தெரியாது என்று சொல்லத் தெரியாத மெஷினை நான் வாங்க மாட்டேன். டீ மேக்கரையும்தான்.

வாங்கிய பிறகு முதல் சீசன் முழுக்க அது ஒரு பக்கம் சொல்லட்டும், நீங்கள் ஒரு பக்கம் சொல்லுங்கள், முடிவு உங்களுடையதாக இருக்கட்டும் என்று முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத நாட்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். குன்னூர் ஏலத்தில் அந்தச் சரக்கு என்ன விலைக்குப் போனது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறிப் பல வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் வாங்குகிறவன் சாம்பிளை உறிஞ்சிக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்கிறான். அவனுடைய நாக்குத்தான் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவர். சில நாள் மெஷின் சொன்னது சரியாக இருக்கும். அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

மகனைத் தாராளமாகச் சேருங்கள். ஆனால் கல்லூரி விளம்பரத்தில் செயற்கை அறிவு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். கணக்குப் பாடம் எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். நிகழ்தகவும் அணிகளும் (மேட்ரிக்ஸ்) கைவசம் இருந்தால் இந்தத் துறையில் எது மாறினாலும் பிழைத்துக்கொள்வான். இரண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கின்றன, இப்போதே கேட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் பத்து வருடத்தில் மனிதனைப் பிடித்துவிடும் என்று நிஜமாகவே நம்பினால், அதைச் செய்கிற வேலைக்குத் தானே ஏன் போகிறோம் என்றும் அவனிடம் கேளுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அவன் என்ன பதில் சொல்கிறான் என்பதில் அவனைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரியும்.

பரீட்சை முடிந்ததும், மே மாத வரத்து இலை மலைபோல் குவியும்போது, அவனை ஒரு வாரம் ஃபேக்டரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் மோந்து பார்க்கும்போது பக்கத்தில் நின்று மணியைக் குறிக்கட்டும். எந்த லாரி, எத்தனை மணிக்கு வந்தது, மூட்டை சூடா, வாட்டம் எத்தனை மணி நேரம், நீங்கள் சொன்ன நேரம், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எல்லாம் எழுதட்டும். அந்த ‘ஏன்’ என்ற கட்டத்தில்தான் இரண்டு பேருக்கும் சண்டை வரும். ‘தெரியலடா, அப்படித்தான் தோணுச்சு’ என்பீர்கள், அவன் விடமாட்டான். விட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினால் போதும். மெஷின் வந்து இறங்கும் நாளில் அதற்குப் பாடம் எடுக்க அந்த நோட்டு வேண்டியிருக்கும். விற்க வருகிறவனிடம் அது இருக்காது.

நோட்டு நிரம்பியதும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். கோத்தகிரிதானே, நானே இறங்கி வந்து பார்க்கிறேன்.